வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு

பார், தொடு, தட்டு, கேள்.
இரண்டாம் ஆண்டு முழுக்க இந்த நான்கும்தான்.
நெஞ்சுக்கு அப்படி, முதுகுக்கு அப்படி.
வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு:
பார், கேள், தட்டு,
கடைசியில்தான் தொடு.
முதலிலேயே தொட்டுவிட்டால் குடல் கலைந்து
இல்லாத கதையைச் சொல்லும்.

செய்முறை அறையில் பிராஜக்தா படுத்துக்கொண்டாள்.
முழங்காலை மடக்கச் சொன்னேன், மடக்கினாள்.
நீல மையால் ஒன்பது கட்டம் போட்டேன்,
பாண்டி ஆடத் தரையில் போடுவதுபோல.
ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க மறந்துபோனேன்.
மராத்தியில் என் மூன்று தலைமுறையையும் விசாரித்தாள்.

தட்டுவது மட்டும் எனக்குப் புதிதில்லை.
தாராவியில் எங்கள் இரும்பு ஏணிக்கு அடியில்
நீல டிரம் நிற்கிறது.
நாலு மணிக்குக் குழாய் வரும், நாலே முக்காலுக்குப் போய்விடும்.
மூடியைத் திறக்காமல் பக்கவாட்டில் தட்டியே
தண்ணீர் எதுவரை என்று சொல்லிவிடுவேன்.
வெற்றிடம் டங்.
தண்ணீர் தொப்.
கல்லீரலும் தொப்தான்.

சயானில் ஆண்கள் வார்டு, பதினான்காம் படுக்கை.
சீட்டில் 'சுடல்கன்' என்று இருந்தது.
சுடலைக்கண்ணு அண்ணே என்றேன்,
கண்ணை மட்டும் திருப்பினார்.
மஸ்ஜித் பந்தரில் மூட்டை தூக்குகிறவர், நாற்பத்தாறு வயது.
சீட்டில் இன்னொரு சொல்லும் இருந்தது: வாயு.

"ராத்திரி சுருக்குன்னு ஒண்ணு.
அப்புறம் தீ மாதிரி எல்லாப் பக்கமும்."
பத்துக்கு எத்தனை வலி? படிவம் கேட்கச் சொல்கிறது.
"ரெண்டு மூட்டை" என்றார்.
படிவத்தில் மூட்டைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

பார்த்தேன்.
எதிர்ப்படுக்கையில் சிறுநீரகக் கல்காரர்
மெத்தையைக் கசக்கிப் புரண்டுகொண்டிருந்தார்.
இவர் புரளவில்லை.
மூச்சு நெஞ்சோடு வந்து திரும்பியது,
வயிற்றுக்கு இறங்கப் பயந்ததுபோல.

கேட்டேன்.
இந்த முறை சூடாக்கித்தான் வைத்தேன்,
தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே.
ஒரு நிமிடம். யாரோ தட்டில் ஸ்பூனைப் போட்டார்கள்.
இரண்டு. என் காதுக்குள் என் ரத்தமே.
மூன்று. தூக்கமா என்று இந்தியில் கேட்டபடி
ஸ்டாஃப் நர்ஸ் கடந்து போனார்.
நாலு.
தண்ணீர் வராத நாளில் குழாயில் காது வைத்தால்
காற்றாவது உறுமும்.
இங்கே அதுவும் இல்லை.
ஐந்து.

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல
ஐந்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

மெல்லத் தட்டினேன்.
கல்லீரல் தொப் என்ன வேண்டிய இடத்தில்
டங்.
தொடுவதற்கு அதிகம் இல்லை,
பலகை.

டாக்டர் பாரேக் நிமிராமல் கேட்டார்:
எவ்வளவு நேரம் வைத்திருந்தாய்?
சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

எக்ஸ்ரேயில்
உதரவிதானத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பிறை,
குடல் ஓட்டை வழியாக
வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்ட காற்று.
வாயுதான்.
சீட்டு ஒரு வகையில் பொய் சொல்லவில்லை.

நாலாம் நாள் தையலைப் பார்க்கப் போனேன்.
நான் கேட்பதற்கு முன்பே,
"அரை மூட்டை. அதுவும் சர்க்கரை இல்லை, பஞ்சு."
அன்றைக்கும் வைத்துக் கேட்டேன்.
எங்கோ தூரத்தில் ஒரு சொட்டு.

வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு.
பிராஜக்தா மறுபடி படுத்தாள்,
கான்டீனில் இரண்டு வடாபாவ் தின்றுவிட்டு.
ஸ்டெத்தை வைத்ததுமே
களகள, குடுகுடு, பிறகு நீளமாய் ஒரு கிர்ர்,
எங்கள் தெருவுக்கே நாலு மணி ஆனதுபோல.
போதும், அடுத்தது, என்றார் பரிசோதகர்.
கேட்காததுபோல் இருந்தேன்.
பிராஜக்தா சிரிப்பை அடக்க
வயிறு குலுங்கியது.

நேரம் கடத்தியதற்கு
இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.